மோட்டார் போடவில்லை, தண்ணீர் ஏறுகிறதா?

கேள்வி: மாடித் தொட்டி மூடியில் ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரம் அளப்பது) வைத்து, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை மூலம் தண்ணீர் மட்டம் பார்க்கிறேன். மதியமானால் மட்டம் 2 செ.மீ. ஏறியதாகக் காட்டுகிறது. மோட்டாரே போடவில்லை. சென்சார் பழுதா? துல்லியத்தை எப்படிச் சோதிப்பது? (வாசகர், ஈரோடு)

பதில்: அவசரப்பட்டு சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது நேரத்தை மட்டும்தான் அளக்கிறது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி போய்த் திரும்பும் மைக்ரோ விநாடிகளை உங்கள் புரோகிராம் 58-ஆல் வகுத்து செ.மீ. ஆக்குகிறது. அந்த 58, காற்று சுமார் 22 டிகிரியில் இருந்தால்தான் பொருந்தும். ஈரோட்டு மதியத்தில் அது எங்கே!

பாலிடெக்னிக் லேபில் மாணவர்களோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். வராந்தாவில் ஸ்டீல் டேப்பை ஒட்டி, சரியாக 100 செ.மீ. தள்ளி ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தினோம். காலை 24 டிகிரியில் நூறு முறை எடுத்த சராசரி 99.7 செ.மீ. மதியம் 36 டிகிரியில் அதே பலகை 97.7-க்கு வந்துவிட்டது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகிறது. சீக்கிரம் திரும்பியதால் பலகை கிட்டே வந்ததாகக் கணக்கு. உங்கள் தொட்டியில் தண்ணீர் ஏறியதும் இப்படித்தான்.

இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நூறு அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒட்டி வருகின்றனவா என்பது ஒன்று. அவற்றின் சராசரி டேப்போடு ஒத்துப்போகிறதா என்பது வேறு. எங்கள் மதிய அளவுகள் ஒன்றோடொன்று அழகாக ஒட்டியிருந்தன, ஆனால் எல்லாமே தப்பு. அதனால்தான் சராசரியை மட்டும் எழுதி வரும் மாணவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நூறு எண்களையும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சில அளவுகள் திடீரென 4 மி.மீ. தாவும். எதிரொலி பலவீனமாக இருந்தால் சென்சார் முதல் அலையைத் தவறவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். ஓர் அலைக்கு 25 மைக்ரோ விநாடி. தூரத்தில் அது 4 மி.மீ.க்குச் சற்று மேல். 3 மி.மீ. துல்லியம் என்று விவரத்தாளில் போட்டிருப்பதை நல்ல பலகைக்கு நேர் எதிரே வைத்தால் மட்டும் நம்பலாம். பலகை மேல் துண்டு போட்டால் எதிரொலி மங்கிவிடும். பலகையைச் சாய்த்தால் ஒலி வேறு பக்கம் போய்விடும். ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 60 மில்லி விநாடியாவது விடுங்கள், இல்லையென்றால் பழைய எதிரொலி வந்து கலக்கும்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்றை மூடியின் உள்பக்கம், தண்ணீருக்கு மேலுள்ள காற்றில் தொங்கவிடுங்கள். வெப்பநிலையை 0.6-ஆல் பெருக்கி 331.3-ஐக் கூட்டினால் ஒலியின் வேகம், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 58-ஐ எடுத்துவிட்டு, இந்த வேகத்தை, விநாடியாக மாற்றிய நேரத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள்; தூரம் மீட்டரில் வரும். வெப்பநிலை அரை டிகிரி தவறினாலும் ஒரு மீட்டருக்கு 1 மி.மீ. அளவுதான் மாறும். வெளி வெயிலில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள்; ஒலி போய்வரும் காற்றின் சூடுதான் கணக்குக்கு வேண்டும்.