சீட்டுப் பணத்தில் க்ரூஸர்: பழைய தண்டர்பேர்டா, புதிய மீட்டியோரா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 33. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கையில் வரும் சம்பளம் 42,000 ரூபாய். வாடகை உட்பட வீட்டுச் செலவு 31,000. மாதம் 8,000 ரூபாய் சீட்டுக் கட்டி வருகிறேன், வரும் ஜனவரியில் 1,60,000 ரூபாய் கைக்கு வரும். இது தவிர வங்கியில் 40,000 ரூபாய் டெபாசிட் இருக்கிறது. மனைவி வீட்டில் இருக்கிறார், பையனுக்கு மூன்று வயது. தினமும் 22 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வர 110 சிசி வண்டி ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடம் ஆகியும் நன்றாக ஓடுகிறது. மாதம் ஒருமுறை சேலம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்வருவேன், போக வர 320 கிலோமீட்டர். கல்லூரிக் காலத்திலிருந்தே ஒரு க்ரூஸர் வண்டி (நெடுந்தூரம் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் கனமான பைக்) வாங்க ஆசை. கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் தன் 2014 ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350-ஐ 75,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஷோரூமில் அதே நிறுவனத்தின் புது மீட்டியோர் 350-க்கு ஆன்ரோடு 2,45,000 சொன்னார்கள். 95,000 முன்பணம் கட்டினால் மீதி 1,50,000-க்கு 8 சதவீத வட்டியில் கடன், 36 மாதம், மாதம் 5,167 ரூபாய். சீட்டு முடிவதால் தவணை கட்டச் சிரமம் இருக்காது. எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆசை வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆசையை அடக்கி வைத்து, இருபது மாதம் தவறாமல் சீட்டுக் கட்டியவர் நீங்கள். வண்டி வாங்குங்கள். ஆனால் வண்டி வாங்கின மறுநாள் உங்கள் கையில் எவ்வளவு இருக்கும் என்பதிலிருந்துதான் நான் கணக்கைத் தொடங்குவேன். சீட்டும் டெபாசிட்டும் சேர்ந்த 2,00,000-இல் புதுசு வாங்கினால் 1,05,000 மிஞ்சும், பழசு வாங்கினால் 1,25,000 மிஞ்சும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் புதுசோடு மூன்று வருடக் கடன் ஒன்று கூடவே வீட்டுக்கு வருகிறது.

அந்தக் கடனைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1,50,000-க்கு 8 சதவீதம் என்றால் வருடத்துக்கு 12,000, மூன்று வருடத்துக்கு 36,000. அசலோடு சேர்த்து 1,86,000. அதை 36-ஆல் வகுத்தால் 5,167. அவர்கள் சொன்ன தவணை இப்படித்தான் வந்திருக்கிறது. நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருவீர்கள். இரண்டாம் வருடக் கடைசியில் பாக்கி ஐம்பதாயிரத்துச் சொச்சம்தான் இருக்கும். ஆனால் அப்போதும் முழு 1,50,000-க்கு வட்டி வாங்குகிறார்கள். இதற்குப் பெயர் ஃபிளாட் வட்டி. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் இது சுமார் 14.5 சதவீத வட்டி. பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் கடன் 11 சதவீதத்துக்குக் கிடைத்தால் இதே தொகைக்குத் தவணை சுமார் 4,911-தான் வரும். 36 மாதத்தில் 9,200 ரூபாய் மிச்சம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கடன் கொடுப்பவர்கள் ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி, அதாவது ஏபிஆர், அதில் இருக்கும். எங்கே கடன் வாங்கினாலும் அந்தத் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்பணம் 95,000, தவணை 1,86,000, ஆக 2,81,000 ரூபாய் கொடுத்து அந்த மீட்டியோரை வாங்குகிறீர்கள். இதில் 12 சதவீத ஆயுள் வரியும் காப்பீடும் போனது போனதுதான், விற்கும்போது திரும்பி வராது. மூன்று வருடம் தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டுக் கணக்கில் ஷோரூம் விலையிலிருந்து 40 சதவீதம் கழிப்பார்கள். சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனாலும் முதல் மூன்று வருட இறக்கம் முழுக்க முதல் சொந்தக்காரர் தலையில்தான் விழும். 2014 தண்டர்பேர்டில் அந்த இறக்கத்தை வேறொருவர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். இன்று நீங்கள் சரியான விலைக்கு வாங்கினால் மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்கும்போது பெரிய நஷ்டம் இருக்காது.

அப்போது பழசுதானே லாபம் என்று கேட்பீர்கள். ஓசூருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் ஆமாம் என்று இங்கேயே முடித்திருப்பேன். நீங்கள் சேலம் போகிறீர்கள். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்குகிறீர்கள். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதும் விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கம் அது. அங்கே முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால் நீங்களும் முழு பலத்தோடு பிரேக் பிடிக்க வேண்டும். 2014 தண்டர்பேர்டில் இரண்டு பக்கமும் டிஸ்க் உண்டு, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. மழை ஈரத்தில் கிட்டத்தட்ட 190 கிலோ வண்டியின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். மீட்டியோரில் இரண்டு சக்கரத்துக்கும் உண்டு. புதுசின் பக்கம் நான் மறுக்க முடியாத நியாயம் இது ஒன்றுதான். மைலேஜ் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதிர்வு புதுசில் குறைவு, எஞ்சினுக்குள் அதை அடக்கும் பேலன்ஸர் இருக்கிறது. டேங்க் பழசில் 20 லிட்டர், புதுசில் 15. இதெல்லாம் சௌகரியம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மனைவியையும் பையனையும் வைத்து சேலம் போகும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை இருசக்கர வண்டியில் இருந்தால் ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. நாற்பதில் அந்த நாலுவழிச் சாலையில் போவதே ஆபத்து. குடும்பத்தோடு போகும்போது பேருந்தில் போங்கள். அந்தச் செலவையும் வண்டிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் முடிவுக்கு வருகிறேன். புது மீட்டியோர் இப்போது வேண்டாம். அந்த 2014 வண்டியும் வேண்டாம். ஏபிஎஸ் வந்தபின் பதிவான தண்டர்பேர்டு எக்ஸ் 350 ஒன்றைத் தேடுங்கள். 2018 கடைசியிலிருந்து 2020 வரை பதிவானவை கிடைக்கும். 2020 மார்ச்சோடு பிஎஸ்4 என்ற பழைய புகை அளவு விதிப்படி செய்த வண்டிகளின் விற்பனை நின்றுபோனதால் அந்த வண்டியும் நின்றுவிட்டது. அலாய் வீல், டியூப்லெஸ் டயர் உண்டு என்பதால் நடுவழியில் பஞ்சர் ஆனாலும் சமாளிக்கலாம். எஞ்சின் பழைய கிளாசிக் 350-இல் இருந்த அதே 346 சிசி. எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கும். டேங்க், மீட்டர், ஹெட்லைட் மட்டும் தண்டர்பேர்டுக்கே உரியவை, அவற்றில் அடிபட்ட வண்டியை எடுக்காதீர்கள். 2021 மீட்டியோர் உங்கள் விலைக்குள் வந்தால் இன்னும் நல்லது. பெயர் மாற்றம், டயர், முதல் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1,20,000-ஐத் தாண்டாதீர்கள்.

மிச்சம் 40,000-ஐ ஏற்கெனவே உள்ள டெபாசிட்டோடு சேர்த்தால் 80,000. மூன்று மாத வீட்டுச் செலவு 93,000. சீட்டு முடிந்து மாதம் 8,000 கையில் நிற்கப்போகிறது. இரண்டே மாதத்தில் அந்த இடைவெளி அடைந்துவிடும். அப்புறம் வரும் ஜூனில் பையனுக்கு எல்கேஜி சேர்க்கை. உங்கள் கேள்வியில் பள்ளிக் கட்டணம் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாதம் 5,167 தவணை ஓடும்போது சேர்க்கைக் கட்டணமும் வந்தால் நகையைத்தான் அடகுக்கு எடுத்துப் போவீர்கள். இப்படிப்பட்ட எத்தனையோ குடும்பங்களின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். முதலில் சின்னதாக ஒரு அடகு வைப்பார்கள், பிறகு அதை மீட்கவே முடியாமல் போகும்.

பழைய 110 சிசி வண்டியை விற்றுவிடாதீர்கள். வேலைக்கு அதிலேயே போங்கள். மாதம் 25 நாளுக்கு 550 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 என்றால் பத்து லிட்டர் போதும். க்ரூஸரில் 35 என்றால் பதினாறு லிட்டர். பெட்ரோலில் மாதம் அறுநூறு ரூபாய் மிச்சம் என்பது ஒரு பக்கம். க்ரூஸர் பட்டறையில் நிற்கும் நாளிலும் நீங்கள் ஷிஃப்டுக்கு நேரத்துக்குப் போகலாம் என்பதுதான் பெரிய லாபம். பழைய வண்டியின் செலவு மாதாமாதம் சீராக வராது, ஒரே நாளில் எட்டாயிரமாக வந்து நிற்கும். அதற்காக மாதம் 1,000 ரூபாயைத் தனியாக ஆர்டி போட்டுவிடுங்கள்.

விலை பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 2,15,000 விலையுள்ள வண்டியில் அது சுமார் 16,800 ரூபாய் குறைப்பு. புதுசின் விலை இறங்கினால் பழசும் அதற்கேற்ப இறங்க வேண்டும். விற்பவர்கள் பலர் இன்னும் பழைய விலையை மனதில் வைத்தே பேசுகிறார்கள்.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது. ‘வருகிறீர்களே என்று ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்’ என்றால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நொடி டிக் டிக் சத்தம் கேட்டு, ஆயில் ஏறியதும் அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் யோசிக்க வேண்டும். செல்ஃப் அழுத்தும்போது கடகடவென்று அரைத்தால் செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்வார், சில ஆயிரம் விலையில் குறையுங்கள். டேங்க் மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பாகத் துரு தெரிந்தால் வேண்டாம். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிகளில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் தொப்பூர் இறங்காதீர்கள்.

ஓசூரில் இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை. பெங்களூருவிலிருந்து கேஏ பதிவு வண்டிகள் இருபதாயிரம் குறைவாகக் காதில் விழும். அதற்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். அலைச்சலையும் சேர்த்தால் அந்த இருபதாயிரம் கரைந்துவிடும். ஓசூரின் டிஎன் 70 இல்லாவிட்டாலும் டிஎன் எண்ணாகவே பாருங்கள்.

கடைசியாக ஆர்சி. 2011-இல் நான் ஒரு பழைய புல்லட் வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதர், கடனையும் அடைத்திருந்தார். ஆனால் ஆர்சியில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயரை நீக்கவே இல்லை. அந்தக் கிளை வேறு ஊருக்கு மாறியிருந்தது. படிவம் 35-இல் அவர்களிடம் ஒரு கையெழுத்து வாங்க ஏழு மாதம் நடந்தேன். அந்த ஏழு மாதமும் வண்டி என் பெயரில் இல்லை. அதனால் ‘பேர் மாத்துறது அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கடன் பதிவும் அபராத பாக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகு முழுப்பணம் கொடுங்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி, அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். இந்த வகை வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-இல் நிர்ணயித்தபடி வருடம் 1,366 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஆனால் லட்ச ரூபாய் வண்டிக்கு அது மட்டும் போதாது, திருட்டுக்கும் சேர்த்து முழுக் காப்பீடாக எடுங்கள்.

அந்த அண்ணனிடம் சேலம் பயணத்துக்கு ஏபிஎஸ் வேண்டும் என்று இருப்பதைச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். கூட வேலை பார்ப்பவர், மனக்கசப்பு வேண்டாம். அவர் 60,000-க்கு இறங்கி வந்தாலும் என் பதில் இதுதான். அந்த வண்டிக்கு 2029-இல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு முன் நீங்கள் விற்கப் போனால் வாங்க வருபவரும் இதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார்.