நகையை அடகு வைக்காதீர்கள் அம்மா

உங்கள் மகளுக்குத் தாய்மாமன் சென்னையில் ஏஐ இன்ஜினியரிங் சீட் பேசி வைத்திருக்கிறார், டொனேஷனுக்கு நகையை வைக்கலாமா என்று கேட்டீர்கள். கவலைப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். உங்கள் மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். வைக்காதீர்கள்.

கடலூர் முதுநகரில் நீங்கள் நடத்தும் ஐஸ் வியாபாரத்தின் ஒரு வாரக் கணக்கை எக்ஸெலில் ஏற்றச் சொன்னேன். செல்போன் கால்குலேட்டரில் கூட்டி, விடையை ஒற்றை விரலால் தட்டினாள். பிளஸ் டூ வரை படித்த பிள்ளை. கட்டங்கள் தானாகக் கூட்டும் என்று அவளுக்கு யாரும் காட்டியதே இல்லை. காட்டினேன். ஐந்தே நிமிஷம்: "சார், செவ்வாக்கிழமை ரெண்டு பார் காசு வரல." முகமே மலர்ந்துவிட்டது. கணக்கு எழுதத்தான் பிடிக்கும் என்று மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் உங்கள் அண்ணன் பேச்சை மாற்றினார்.

அரசு ஐ.டி.ஐ.யில் 'கோபா' என்று ஒரு பிரிவு உண்டு. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட். ஒரே வருஷம். பத்தாவது பாஸ் போதும், பிளஸ் டூ முடித்தவர்களும் சேர்கிறார்கள். பெரும்பகுதி செய்முறைதான்: டைப்பிங், வேர்டு, எக்ஸெல், டேட்டாபேஸ், இணையப் பக்கம் அமைப்பது, ஆன்லைன் மோசடியில் சிக்காமல் இருப்பது. முடித்தால் நாடு முழுக்கச் செல்லும் தேசியத் தொழிற்சான்றிதழ். அதை வைத்து, கம்பெனியில் வேலை பழகும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு மனு போடலாம். நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் பக்கத்தில்தானே இருக்கிறது. மாலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்கும் அனுப்புங்கள், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சீனியர் வரை. கூடவே ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் வேலைக்கு டைப்ரைட்டிங்கோடு அதையும் கேட்கிறார்கள். பி.காம். ஆசை இருந்தால் அடுத்த வருஷம் கடலூரிலேயே பெரியார் அரசு கலைக் கல்லூரிக்கு மனு போடட்டும். கை பழகிய பிள்ளையாகப் போவாள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் மனு போடலாம். "ஐ.டி.ஐ.யா?" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அடகுக் கடைக்கு வட்டி கட்டப்போவது அவர்கள் இல்லை, நீங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துப் போடச் சொல்லாதீர்கள். மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து ஏற்றுவது வரை அவளே செய்யட்டும். தடுமாறினால் சனிக்கிழமை கூட்டி வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.