வாரநாளில் வேலை, ஞாயிறு சிப்பாங் பந்தயத் தடம்: பழைய காடியின் சஸ்பென்ஷன் பற்றிக் கேள்வி பதில்

பழைய காடிகளின் சஸ்பென்ஷன் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்த பிராண்ட் பெஸ்ட்?" என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் கிடையாது. எந்தக் காடி, எந்த டயர், தினமும் எந்தச் சாலை என்று சொல்லாவிட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

சரவணன், செந்தூல்: அண்ணே, 1999 சத்ரியா ஜிடிஐ ஒன்று வாங்கியிருக்கிறேன். கீழே எல்லாம் ஒரிஜினல். கையில் நாலாயிரம் வெள்ளி இருக்கிறது, முதலில் அட்ஜஸ்டபிள் (உயரத்தையும் இறுக்கத்தையும் மாற்றக்கூடிய ஸ்பிரிங், அப்சோபர் செட்) போட்டுவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. அந்தக் காடிக்குப் பேர் வாங்கித் தந்ததில் எஞ்சினுக்குப் பாதி பங்கு என்றால், லோட்டஸ் கம்பெனி ஆட்கள் செட் செய்த சஸ்பென்ஷனுக்கு மீதிப் பாதி. ஆனால் இருபத்தைந்து வருஷம் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் நின்ற ரப்பரில் அந்த செட்டிங் எங்கே மிச்சம் இருக்கப் போகிறது? காசை முதலில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காடியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ் (அதன் மூட்டில் உள்ள ரப்பர்), பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மவுண்ட், பின்பக்க ஆர்ம்களின் புஷ் இவற்றில் போடுங்கள். கிழிந்த புஷ்ஷை அப்படியே விட்டுவிட்டுப் புது அட்ஜஸ்டபிள் போட்டால், சக்கரம் தன் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் அசையும், நீங்கள் மேலே உள்ள குமிழைத் திருகிக்கொண்டு எதுவும் மாறவில்லையே என்று புலம்புவீர்கள்.

புஷ் மாற்றும்போது பக்கத்திலேயே நின்று ஒன்றைக் கவனியுங்கள். காடி லிஃப்டில் இருக்கும், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும், ஃபோர்மேன் ஏர் கன்னை எடுத்து ஆர்ம் போல்ட்டை ட்ர்ர்ர் என்று கடைசி வரை இறுக்கிவிடுவார். அங்கேதான் தப்பு. ரப்பர் புஷ் நடுவில் உள்ள இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கிறது. அது உருளாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், காடி தரைக்கு வந்ததும் புஷ் எந்நேரமும் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரமே கிழிந்தும் போகும். போல்ட்டை லேசாகப் பிடிக்கவிட்டு, எடை டயர் மேல் வந்த பிறகு கடைசி இறுக்கு கொடுக்கச் சொல்லுங்கள். சில பேர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அதற்குப் பிறகும் காசு மிச்சம் இருந்தால் நல்ல டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3618 என்றால் 2018ஆம் வருஷம் 36ஆவது வாரம் செய்தது. பூ (டயர் மேல் உள்ள வரிப் பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் அந்த வயசில் ரப்பர் கெட்டியாகியிருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சோபர் பற்றிப் பேசுவோம்.

கவின், பூச்சோங்: ப்ரோ, நண்பன் சிவிக் இகேயில் 8 கிலோ ஸ்பிரிங் போட்டிருக்கிறான், தினமும் வேலைக்கும் ஓட்டுகிறான், நன்றாகத்தான் இருக்கிறது. அதே 8 கிலோவை என் 2007 மைவிக்குப் போடலாமா?

முதுகெலும்பு உங்களுடையது, முடிவும் உங்களுடையது! ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். 8 கிலோ ஸ்பிரிங் என்றால், அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ எடை வேண்டும். ஆனால் ஸ்பிரிங்கின் பலம் வேறு, அது சக்கரத்தில் காட்டும் பலம் வேறு. சிவிக்கில் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்துக்கு மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். அப்சோபர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் ஏறக்குறைய 7 தான் அமுங்கும். இந்த விகிதத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும், 0.7 x 0.7 கிட்டத்தட்ட பாதி. ஆக அவனுடைய 8 கிலோ சக்கரத்தில் 4 கிலோகூட வராது. மைவியின் முன்பக்கம் மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சோபரும் ஒரே தண்டாக நிற்பது), சக்கரம் எவ்வளவு ஏறுகிறதோ ஸ்பிரிங்கும் கிட்டத்தட்ட அவ்வளவே அமுங்கும், விகிதம் 0.95 என்று வைத்தால் அதே 8 கிலோ சக்கரத்தில் 7 கிலோவுக்கு மேல். மைவியோ சிவிக்கை விட எடை குறைவு. தாமான் உள்ளே ஒவ்வொரு போங்கோலிலும் (வேகத்தடை) பல் ஆடும், அதைவிட மோசம், மேடுபள்ளமான வளைவில் டயர் தரையை விட்டு எகிறும். தரையைத் தொடாத டயருக்கு எந்தப் பிடியும் கிடையாது. முன்னால் 4, 5 கிலோவில் ஆரம்பியுங்கள்.

லோகேஸ்வரி, செராஸ்: அண்ணா, அப்பா ஓட்டிய 1997 வீராவை இப்போது நான் ஓட்டுகிறேன். முந்தி யாரோ ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டியிருக்கிறார்கள். மேடு ஏறினால் "டக்" என்று அடிக்கிறது, வளைவில் முன்னைவிடச் சாய்கிற மாதிரியும் இருக்கிறது. தாழ்ந்த காடி சாயக் கூடாதே?

தங்கச்சி, நீங்கள் உணர்ந்தது சரிதான். ஸ்ட்ரட் வைத்த காடியை ரொம்பத் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையை விட மேலே போய்விடும். காடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி காடியின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் சாய்வும் கூடும். "டக்" சத்தம், அப்சோபர் பயணம் தீர்ந்து பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் தடுக்கும் ரப்பர்) மோதுவதாக இருக்கலாம், அல்லது சக்கரம் தொங்கும்போது வெட்டின ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து திரும்ப வந்து உட்காருவதாக இருக்கலாம். இரண்டாவது ஆபத்து. வெட்டின ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரிஜினல் உயர ஸ்பிரிங்கும் புது அப்சோபரும் போடுங்கள். அப்பாவின் காடி முன்பு ஓடிய மாதிரி ஓடும்.

தினேஷ், கிள்ளான்: ஹாஃப்கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய காடிகளின் பாகங்கள் விற்கும் கடை) ஜப்பான் அட்ஜஸ்டபிள் செட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஒவ்வொரு அப்சோபரின் தண்டையும் முழுக்க அமுக்கி விடுங்கள். நாலும் ஒரே வேகத்தில், இடையில் எங்கும் தொளதொள என்று விழாமல் அசைய வேண்டும். தண்டில் கீறலோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நடையைக் கட்டுங்கள். ஓவர்ஹால் செய்ய ஆளும் சீலும் இங்கே கிடைக்கிற பிராண்டா என்று முதலில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் மலிவு மலிவே இல்லை.

பிரபா, காஜாங்: சிவிக்கைத் தாழ்த்திய பிறகு டயரின் உள்பக்கம் மூன்றே மாதத்தில் கம்பி தெரிகிறது. கேம்பர்தான் காரணம், கேம்பர் கிட் வாங்கு என்கிறார்கள்.

கேம்பர் என்பது முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், நெகட்டிவ் என்றால் மேல்பக்கம் உள்ளே. டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது. கேம்பரைத் திட்டுவதற்கு முன் டோவைப் பாருங்கள். ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் மட்டும் இவ்வளவு வேகமாக டயரைத் தின்னாது. உயரம் மாறினால் டோவும் மாறும். டோ வெளியே போயிருந்தால் டயர் உருளுவதோடு பக்கவாட்டில் தேய்ந்துகொண்டும் போகும், கேம்பர் அந்தத் தேய்மானத்தை உள்விளிம்பில் குவித்துவிடும். தாழ்த்திய பிறகு அலைன்மெண்ட் செய்தீர்களா என்பதைக் கேள்வியில் காணோமே! முன்பக்க டோ பூஜ்யம், பின்பக்கம் துளி உள்ளே, அதுவும் ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையை வைத்துச் செய்யுங்கள். கிட் அப்புறம் பார்க்கலாம்.

ராஜன், ரவாங்: உலு யாம் சாலை வளைவுகளில் காடியின் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. தடித்த பின் ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) போட்டால் தீருமா?

தீரும், காய்ந்த சாலையில். முன்சக்கர இழுவைக் காடியில் பின் பாரைத் தடிப்பாக்கினால் சாய்வைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு பின்பக்கத்துக்குப் போகும், முன்னால் உள்ள உள்சக்கரம் தரையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குக் கொட்டுகிற மழையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய பார் வாங்கி, தினசரிக்கு மென்மையான துளையில் வையுங்கள். நம்மில் பலர் புது டயரை முன்னால் போட்டுத் தேய்ந்ததைப் பின்னால் தள்ளுகிறோம். அந்தப் பழக்கத்தோடு தடித்த பார் சேர்ந்தால் வினைதான். அப்புறம் உலு யாமில் சைக்கிள்காரர்களும் ஓட்டுகிறார்கள், எல்லையைத் தேடும் இடம் அது இல்லை.

முகிலன், பெட்டாலிங் ஜெயா: சிப்பாங்கில் முதல் டிராக் டே (சொந்தக் காடியைத் தடத்தில் ஓட்டும் நாள்). அப்சோபரின் இறுக்கக் குமிழில் எத்தனை கிளிக்?

கிளிக் கடைசிக் கவலை. சுற்று 5.543 கிலோமீட்டர், இரண்டு நீண்ட நேர்ப்பாதை, ஒவ்வொன்றின் முடிவிலும் கடும் பிரேக். பழைய காடியில் முதலில் கையை விரிப்பது பிரேக்தான். புது டாட் 4 பிரேக் ஆயில், சூடு தாங்கும் பிரேக் பேட் போடுங்கள். டயர் காற்று சூட்டில் ஐந்தாறு பிஎஸ்ஐ எளிதாக ஏறும், உள்ளே வந்த உடனே அளந்து குறையுங்கள், வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் ஏற்றுங்கள். வலது வளைவுகள் அதிகம் என்பதால் இடது முன் டயர்தான் அதிகம் அடிவாங்கும்.

கிளிக்குக்கு வருவோம். முழுக்க இறுக்கி, அங்கிருந்து பின்னால் எண்ணி வாருங்கள், நடுவில் நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ மட்டும் இரண்டு கிளிக் மாற்றி ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். இறுக்கினால்தான் வேகம் என்று நினைக்காதீர்கள். ரீபவுண்ட் (ஸ்பிரிங் திரும்ப விரிவதை அப்சோபர் தடுக்கும் அளவு) மீறினால் ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காமல் தொடர் மேடுகளில் காடி மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். திரும்பி வரும்போது கூட்டரசு நெடுஞ்சாலைக்கு ஏற்ற எண்ணுக்கு இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று, வழக்கமான காடி இன்சூரன்ஸ் டிராக்கில் ஆகும் சேதத்துக்குப் பணம் தராது. பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

பெயர் சொல்லாதவர், அம்பாங்: பாலியூரித்தேன் புஷ் போடலாமா?

முன் லோயர் ஆர்முக்குப் போடலாம், சிலிகான் கிரீஸ் தடவாவிட்டால் கீச்சிடும். சிவிக்கின் பின் டிரெய்லிங் ஆர்முக்கு வேண்டாம். அந்தப் புஷ் பல திசைகளில் வளைந்து கொடுக்க வேண்டியது, கெட்டியாக்கினால் ஆர்ம் பிடித்துக்கொள்ளும்.

அதே அம்பாங்காரர்: ஸ்ட்ரட் பார் (இரண்டு ஸ்ட்ரட்களின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி) போடலாமா?

பானெட்டைத் திறந்தால் அழகாக இருக்கும். காசு மிச்சம் இருந்தால் போடுங்கள்.