கேட்டீர்கள், சொல்கிறோம்: கதவடியைக் காக்கும் றொக் ஸ்லைடர்

கேள்வி: எங்களிடம் பழைய டீசல் டபுள் கெப் ஒன்று உள்ளது. குடும்பிமலைப் பக்கம் மாட்டுப் பட்டிக்குப் போய் வருவதில் கதவுக்குக் கீழே ஓடும் தகடு கல்லில் அடிபட்டு நெளிந்துவிட்டது. பின்கதவு இப்போது இறுகிப்போய்ச் சரியாகச் சாத்துப்படுவதில்லை. கடையில் விற்கும் றொக் ஸ்லைடர் எங்கள் கைக்கு எட்டாத விலை. ஊர் வெல்டிங் கடையிலேயே செய்விக்கலாமா? என்ன இரும்பு, எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகர், கிரான்

பதில்: தாராளமாகச் செய்விக்கலாம். டபுள் கெப்பில் சேஸி (அடிச்சட்டம்) தனியாகவும் பொடி (மேற்கூடு) அதன்மேல் இறப்பரில் தனியாகவும் இருப்பதால் வேலை இலகு. ஆனால் வெல்டிங் பாஸிடம் “படி ஒன்று அடித்துத் தாருங்கள்” என்று கேட்டுவிடாதீர்கள். படி ஓர் ஆள் மிதிப்பதைத் தாங்கினால் போதும். ஸ்லைடரோ வாகனத்தின் ஒரு பக்கம் முழுவதும் கல்லில் குந்தினாலும் வளையக்கூடாது. கதவடி நீளத்துக்கு ஓடும் உள்தண்டு, அதற்கு வெளியே பைப்பில் ஒரு வெளித்தண்டு, உள்தண்டைச் சேஸியோடு பிடிக்கும் கால்கள், ஒவ்வொரு காலையும் சேஸியில் ஒட்டும் பிடிதட்டு: இவை சேர்ந்ததுதான் ஸ்லைடர்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். 2 தொன் வாகனத்தில் ஒரு பக்கத்து எடை 1 தொன். கல் படும் இடம் சேஸியிலிருந்து 35 செ.மீ. வெளியே இருந்தால், 12 செ.மீ. உயரமான பிடிதட்டின் கீழ்விளிம்பை அந்த நெம்பு ஏறக்குறைய 3 தொன் விசையில் பிய்த்து இழுக்கும். மேல்விளிம்பு சேஸிக்குள் அமுங்கும். வெளியே தெரியும் பைப் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் இந்த மூட்டு பிழையானால் எல்லாம் பிழை. கையிலுள்ள காசை முதலில் இந்த மூட்டில்தான் போட வேண்டும்.

வாங்க வேண்டியவை: 50×50 மி.மீ., 4 மி.மீ. தடிப்புள்ள பெட்டி இரும்பு 6 மீற்றர் நீளம் ஒன்று. 48 மி.மீ. வெளிவிட்டம், 3.2 மி.மீ. தடிப்புள்ள கறுப்பு இரும்புப் பைப் 6 மீற்றர் ஒன்று. 6 மி.மீ. தகட்டில் 60×35 செ.மீ. துண்டு ஒன்று, இது வெட்டுத் துண்டாகவே கிடைக்கும், புதுத் தகடு தேவையில்லை. பெட்டி இரும்பில் பக்கத்துக்கு 1.75 மீற்றர் உள்தண்டும் 30 செ.மீ. கால்கள் எட்டும் வெட்டினால் 5.9 மீற்றர் போகும். கைக்கு மிஞ்சுவது 10 செ.மீ.தான். அதனால் முன்சில்லு வளைவுக்கும் பின்சில்லு வளைவுக்கும் இடையே உங்கள் வாகனத்தில் உள்ள தூரத்தை அளந்த பிறகே வெட்டுங்கள். பைப்பில் இரண்டு வெளித்தண்டும், அதை உள்தண்டோடு இணைக்கும் துண்டுகளும் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 60 கிலோ எடை கூடும்.

பக்கத்துக்கு நான்கு கால். மூன்று போதும் என்பார்கள், விடாதீர்கள். மேலே சொன்ன பாரம் முழுவதும் தனி ஒரு காலில் விழுந்தால் இந்தப் பெட்டி இரும்பு மடங்கிவிடும். இரண்டு கால் பகிர்ந்தால் தாங்கும். கால்களுக்கு இடையே 45 முதல் 50 செ.மீ. விட்டால் கல் எங்கே பட்டாலும் இரண்டு கால் சேர்ந்து எடுக்கும். ஒவ்வொரு காலின் அடியிலும், தட்டோடு சேர்த்து, 6 செ.மீ. முக்கோணத் துண்டு வையுங்கள். பிறேக் குழாய், டீசல் குழாய், வயர்க் கட்டு, பொடி இறப்பர் இருக்கும் இடங்களைச் சோக்கால் குறித்துவிட்டு, மிச்ச இடத்தில்தான் கால்.

பிடிதட்டு 12×15 செ.மீ. மூலை நான்கையும் உருட்டி வெட்டுங்கள். சேஸியின் மேல், கீழ் மடிப்புகளில் வெல்டிங் ஏறக்கூடாது. வாகனம் முறுகும்போது அந்த மடிப்புகளில்தான் இழுவை அதிகம். வெடிப்பும் அங்கிருந்துதான் கிளம்பும். பக்கச் சுவரின் நடுவில் தட்டை வைத்து, மேலும் கீழும் ஒரு செ.மீ. வெறுமையாக விடுங்கள். சேஸித் தகடு 6 மி.மீ. தட்டைவிட மெல்லியது. ஆகவே சூட்டைத் தட்டின் பக்கம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் சேஸி ஓட்டை விழும்.

வேலைக்கு முன் பற்றரி வயர் இரண்டையும் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே, துரு சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். சேஸி மூட்டுக்கு 3.2 மி.மீ. 7018 ரக வெல்டிங் ரொட் நல்லது. ஆனால் பக்கெற் பிரித்து வைத்த 7018 எங்கள் கடற்காற்றிலும் மாரி மழையிலும் ஈரம் இழுக்கும். ஈர ரொட்டில் போட்ட வெல்டிங்கில் குமிழ் ஓட்டை விழும், ஆறிய பிறகு வெடிக்கவும் கூடும். புதுப் பக்கெற்றை அன்றைக்கே பிரித்துப் பாவியுங்கள். மற்ற மூட்டுகளுக்கு 6013 போதும்.

முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, வாகனத்தில் மாட்டிப் பாருங்கள். தண்டுக்கும் கதவடிக்கும் இடையே 2 செ.மீ. வெளி வேண்டும், பொடி இறப்பரில் ஆடும்போது அது தேவைப்படும். கால்கள் வெளிப்பக்கம் 10 முதல் 15 பாகை மேல்நோக்கிச் சரிந்திருந்தால் கல் வாகனத்தை வெளியே தள்ளிவிடும். மட்டமாக வைத்தால் ஸ்லைடருக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி வீணாகக் குறையும். காலெல்லாம் தண்டின் ஒரே பக்கம் என்பதால் வெல்டிங் ஆறும்போது தண்டு வில்லாய் வளையப் பார்க்கும். வலது, இடது இரண்டு தண்டுகளையும் முதுகோடு முதுகு கிளாம்ப் போட்டு, ஒரு கால் இங்கே, அடுத்த கால் அங்கே என்று மாற்றி மாற்றி ஓட்டினால் நேராக நிற்கும். முடிந்ததும் ஸ்லைடரில் ஜக் கொடுத்துச் சில்லு இரண்டும் நிலம் விடும்வரை மெல்லத் தூக்குங்கள். அடியில் ஆள் போகக்கூடாது. கதவு அப்போதும் தடையின்றித் திறந்து சாத்துப்பட வேண்டும்.

கேள்வி: சேஸியில் வெல்டிங் வைக்கப் பயமாக இருக்கிறது. போல்ட் போட்டுப் பூட்டலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பூட்டலாம். செலவும் துளைக்கும் வேலையும் கூடும். காலுக்கு நான்கு எம்12, 8.8 தர போல்ட், பின்பக்கம் இன்னொரு 6 மி.மீ. தட்டு. பெட்டிச் சேஸியாக இருந்தால் போல்ட் போகும் துளைக்குள் இரும்புக் குழல் துண்டு கட்டாயம் வேண்டும்; அது இல்லாமல் இறுக்கினால் சேஸிச் சுவர் உள்ளே ஒடுங்கிப் போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். மேல், கீழ் மடிப்பில் துளைக்கவே வேண்டாம். கற்பாதையில் சில தரம் ஓடிய பின் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: பாணமை, உகந்தை மணல் பாதைக்கென ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப்பில் ஸ்லைடர் அடித்தோம். முதல் கல்லிலேயே ஒடுங்கிவிட்டது. மூட்டுகளில் இப்போதே துருவும் வருகிறது. ஏன்?
– வாசகர், பொத்துவில்

பதில்: கேற் அடிக்கும் 1.6 அல்லது 2 மி.மீ. தடிப்புப் பைப்பாக இருந்திருக்கும். அது கல்லுக்கு ஆகாது. வெல்டிங் சூட்டில் மூட்டைச் சுற்றிய நாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கே முதலில் பிடிக்கும். அந்த வெள்ளைப் புகை குளிர்காய்ச்சலையும் கொண்டுவரும். ஜீ.ஐ. பைப்தான் கைவசம் என்றால் மூட்டு வரும் இடத்தில் பூச்சை முழுதாகக் கிரைண்டரில் உரித்து, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள்.

உப்புக்காற்றுக்குத் தண்டின் முனைகளைத் தகட்டால் அடைத்து, அடிப்பக்கத்தில் 5 மி.மீ. வடிதுளை ஒன்று வையுங்கள். வெளியே நாகம் கலந்த பிறைமர், மேலே இரண்டு பூச்சு எனாமல். பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் கல் கீறிய இடத்தில் துரு அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். எனாமல் என்றால் கீறலை அன்றைக்கே தூரிகையால் தொட்டுவிடலாம்.

கேள்வி: சேஸி இல்லாத சிறிய ஜீப்புக்கும் இதே முறை சரிவருமா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: வராது. மெல்லிய பொடித் தகட்டில் கால் ஒட்டினால் கல் தூக்கும்போது தகட்டோடு கிழிந்து வரும். கம்பனியே ஜக் வைக்கக் கொடுத்த பலமான இடங்களையும் குறுக்குத் தண்டுகளையும் பிடித்து வடிவமைக்க வேண்டும். அது வேறு வேலை. அதுவரை அடித்தகடு மட்டும் போட்டு, கற்பாதையைத் தவிர்த்து ஓட்டுங்கள்.