ஒரே மெயில் கணக்கைப் பத்து ஃபோனில் ஏற்றி நெம்பர்களைப் பகிர்கிறோம். இதைவிட நல்ல வழி உண்டா?

கேள்வியின் விவரம் இது: திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் அலுவலகம். மெர்ச்சண்டைசர், புரொடக்‌ஷன் என்று பத்து பேர். எல்லார் ஃபோனிலும் ஒரே மெயில் கணக்கை ஏற்றி அதன் தொடர்புப் பட்டியலைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். ஒருவர் டூப்ளிகேட் நெம்பர்களை நீக்கப் போய், பத்து ஃபோனிலும் பாதிப் பட்டியல் காணாமல் போய்விட்டது.

நல்ல வழி இருக்கிறது. அதன் பெயர் கார்டுடேவ், தொடர்புப் பட்டியலை சர்வரில் வைத்து எல்லார் ஃபோனிலும் ஒத்திசைக்கும் நெறிமுறை. இங்கே பனியன் கம்பெனிகளுக்கு சர்வர், நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். ஜாப் ஒர்க்கில் ஓடுகிற ஊரில் நெம்பர் பட்டியலும் தொழிலின் முதலீடுதான். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, செக்கிங் என்று ஒரு டி-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்குள் எத்தனையோ கை மாறுகிறது. மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனால் அத்தனை நெம்பரும் அவர் ஃபோனோடு போய்விடுகிறது. அப்புறம், "ஏனுங்க, அந்த டையிங்காரர் நெம்பர் யாருகிட்டயாவது இருக்குங்களா?" என்று அலுவலகம் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிய வேண்டியதுதான். பட்டியல் கம்பெனியின் கையில் இருக்க வேண்டும். எந்தச் செயலியை மாற்றினாலும் கூடவே எடுத்துப் போகும்படி இருக்க வேண்டும். திறந்த நெறிமுறையை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இதில் இரண்டு பகுதி. ஒரு தொடர்பை எப்படி எழுதி வைப்பது என்பதற்கு விகார்டு, அதாவது நாம் வாட்ஸாப்பில் அனுப்புகிற அந்த விசிஎஃப் கோப்பு. ஆப்பிள், ஐபிஎம், சீமென்ஸ் எல்லாம் சேர்ந்த வெர்சிட் கூட்டமைப்பு தொண்ணூறுகளில் உருவாக்கியது. 3.0 பதிப்பு 1998-இல் வந்தது, 4.0 பதிப்பு 2011 ஆகஸ்டில். அந்தக் கோப்புகளை சர்வரில் வைத்து எல்லாக் கருவியிலும் ஒத்திசைப்பதற்கு கார்டுடேவ். அதுவும் அதே 2011 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி (இணையத் தொழில்நுட்பங்களுக்கான பொது ஆவணம்) 6352 என்ற எண்ணில் வெளியானது. யார் வேண்டுமானாலும் படித்து, அதன்படி செயலி எழுதலாம்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு தொடர்பும் சர்வரில் தனி முகவரியுள்ள ஒரு கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஈடேக் என்ற அடையாளம் உண்டு, கோப்பு மாறினால் அதுவும் மாறும். வீரபாண்டி டையிங்காரரின் நெம்பரை நீங்கள் அலுவலகத்தில் திருத்துகிறீர்கள். அதே நேரம் யூனிட்டில் இருக்கும் இன்னொருவரும் திருத்துகிறார். உங்கள் செயலி, "நான் கடைசியாகப் பார்த்த ஈடேக் இன்னும் அதுவேதான் என்றால் மட்டும் இதைச் சேமி" என்று சர்வரிடம் சொல்லும். அதற்குள் அவர் மாற்றிவிட்டிருந்தால் 412 என்று மறுப்பு வரும். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடாமல் இது காக்கிறது. அதோடு, 2012-இல் வந்த ஆர்.எஃப்.சி 6578 இருக்கும் சர்வரில், கடைசியாகக் கேட்ட பிறகு என்ன மாறியதோ அது மட்டும் வந்து சேரும். முழுப் பட்டியலையும் திரும்பத் திரும்ப இறக்க வேண்டியதில்லை.

சரி, எதை நிறுவுவது? உங்கள் அளவுக்கு நெக்ஸ்ட்கிளவுட் போதும், கார்டுடேவ் தெரிந்த சர்வர் மென்பொருள் அது. பத்து பேருக்கும் தனித்தனி லாகின் கொடுங்கள். 'சப்ளையர்' என்று ஒரு பட்டியலை உருவாக்கி, இரண்டு பேருக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுத்து, மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் விடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் லாகினை மட்டும் மூடினால் சரி. (அவர் தனியாகக் குறித்து வைத்துக்கொண்ட நெம்பரை எந்த நெறிமுறையாலும் திரும்ப வாங்க முடியாது.) ஐஃபோனில் கார்டுடேவ் கணக்கு உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 செயலி வேண்டும். பிளே ஸ்டோரில் காசு, எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் கடையில் இலவசம். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் மெயில் செயலி 2021-இல் வந்த 91-ஆம் பதிப்பிலிருந்தே கார்டுடேவோடு நேரடியாகப் பேசும். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்குக்கு கால்டேவ் சிங்க்ரனைசர் என்ற இணைப்பு தேவை.

நடைமுறையில் சறுக்குகிற இடங்கள் வேறு. ஆண்ட்ராய்டில் புது நெம்பரைச் சேமிக்கும்போது ஃபோன், சிம், மெயில், டேவ்எக்ஸ்5 என்று எங்கே சேமிக்க என்று கேட்கும். கவனிக்காமல் 'ஃபோன்' என்று கொடுத்தால் அது யாருக்கும் போய்ச் சேராது. திருத்தும் உரிமை உள்ள இருவர் ஃபோனிலும் இயல்பான இடத்தை நீங்களே மாற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பு சில ஃபோன்களில் பின்னணி ஒத்திசைவை நிறுத்திவிடும், அதிலிருந்தும் டேவ்எக்ஸ்5-க்கு விலக்கு கொடுங்கள். குழுக்களும் தொல்லை. சில சர்வர்கள் குழுவைத் தனி விகார்டாக வைக்கின்றன, சில ஒவ்வொரு தொடர்பிலும் வகைப் பெயராக எழுதுகின்றன. டேவ்எக்ஸ்5-இல் கணக்கு சேர்க்கும்போதே இதைக் கேட்கும். நெக்ஸ்ட்கிளவுட்டுக்கு வகைப் பெயர் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ்ப் பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஃபோன்கள் ஏற்றுமதி செய்யும்போது இன்னும் விகார்டின் பழைய 2.1 வடிவில்தான் எழுதுகின்றன. அதில் தமிழ் எழுத்து நேரடியாக நிற்காது. 'பழனிசாமி' யூனிகோடில் எட்டுக் குறி, குறிக்கு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சமக்குறியோடு மூன்று எழுத்தாக மாறும். ஆக ஒரு பெயருக்கு 72 எழுத்து. கொஞ்சம் நீண்ட பெயர் என்றால் வரி மடிந்துவிடும், அரைகுறையாக எழுதப்பட்ட செயலிகள் அங்கேதான் பெயரை உடைக்கின்றன. 4.0-இல் எல்லா மொழி எழுத்தையும் நேரடியாக எழுதும் யூடிஎஃப்-8 முறை மட்டும்தான், அதனால் இந்தச் சிக்கல் கிடையாது. பெயரைப் பிரிக்கும்போது குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இனிஷியலை அங்கே போட்டால் ஒரு செயலி முன்னால் காட்டும், இன்னொன்று பின்னால் காட்டும். 'பழனிசாமி டையிங்' என்று தொழிலைப் பெயரோடு எழுதுகிற நம் வழக்கத்தை நிறுவனக் கட்டத்துக்கு மாற்றச் சொல்வார்கள். நான் மாற்றச் சொல்ல மாட்டேன். அழைப்பு வரும்போது கண்ணில் முதலில் படுவது பெயர்தான், நம் பக்கம் பழனிசாமிகளும் அதிகம்.

ஒத்திசைவு காப்பு நகல் ஆகாது. நீக்கினால் கார்டுடேவிலும் எல்லா இடத்திலும் நீங்கும். வாரம் ஒரு முறை முழுப் பட்டியலையும் விசிஎஃப் கோப்பாக இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். லினக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் ராடிகேல் என்ற சின்ன சர்வரையும் பாருங்கள். அது ஒவ்வொரு தொடர்பையும் தனிக் கோப்பாக வைக்கும், கிட் (Git) என்ற, கோப்பு மாற்றங்களைக் குறித்து வைக்கும் மென்பொருளோடு இணைத்தால் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும். ஆனால் பகிர்வு உரிமைகளைக் கோப்பில் எழுதித்தான் அமைக்க வேண்டும்.

இப்போதைக்கு, யாருடைய பழைய ஃபோனிலாவது முழுப் பட்டியல் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இன்டர்நெட்டில் இணைக்காமல் அப்படியே விசிஎஃப் ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்பை கம்ப்யூட்டரில் திறந்து தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்த்த பிறகே புது சர்வரில் ஏற்றுங்கள்.