அடிக்கடி ஹேங் ஆகி நிற்கும் கணினி: மதர்போர்டை மாற்றுவதற்கு முன்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டிலிருந்தபடியே அழைப்பிதழ் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்து என் மகன் அசெம்பிள் செய்த கணினி. ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 3600 வேகமுள்ள 8 ஜிபி ராம் இரண்டு, 500 வாட் எஸ்.எம்.பி.எஸ்., ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. போன தீபாவளிக்கு அதே வேகத்தில் இன்னும் இரண்டு ராம் வாங்கிச் சேர்த்தோம். ஏப்ரல் மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஹேங் ஆகி அப்படியே நின்றுவிடுகிறது. நீலத்திரை வருவதில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் 'ர்ர்ர்' என்று ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது. யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதும் சில நேரம் நின்றிருக்கிறது. கடைக்காரர் இரண்டு முறை விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். இப்போது மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மதர்போர்டில் பழுது இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் வேறோர் இடத்தைச் சுட்டுகின்றன, அந்த இடத்தைச் சோதிக்க ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

ஹேங் ஆவது எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி நிகழ்வதில்லை. மவுஸ் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருக்க, எதைத் திறந்தாலும் திறக்காமல், அரை நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டால், சந்தேகப்பட வேண்டியது எஸ்.எஸ்.டி.யையோ ஹார்டு டிஸ்க்கையோதான். திரை மட்டும் நின்று பாட்டு தொடர்ந்து ஒழுங்காகக் கேட்டால் அது கிராபிக்ஸ் கார்டோ அதன் டிரைவரோ செய்யும் வேலை. அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டிரைவர் மீண்டும் தொடங்கித் திரை திரும்பக்கூடும். உங்கள் கணினி மூன்றாவது வகை. ஒலிக்கான சிறு நினைவகப் பகுதியைப் பிராசசர் அடுத்தடுத்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; அது நின்றுபோனால் கடைசியாக நிரப்பிய துண்டே திரும்பத் திரும்ப ஒலிக்கும். நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுதான். அடுத்த முறை நிற்கும்போது கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு மாறவில்லை என்றால் கணினி முழுவதும் நின்றுவிட்டது என்று உறுதி செய்துகொள்ளலாம். அந்த நிலையில் பிராசசர், ராம், மின்வழங்கலான எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு ஆகிய நான்கினுள்தான் காரணத்தை முதலில் தேட வேண்டும். இரண்டு முறை புதிதாகப் போட்ட பிறகும் தொடர்வதால் விண்டோஸின் மீதான சந்தேகம் ஏறக்குறைய நீங்கிவிட்டது.

பவர் பட்டனால் அணைத்து மீண்டும் போட்டதும் விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் கணினி நின்ற நேரத்தைத் தேடுங்கள். கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புப் பதிவு கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் பலர். முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை, அணைத்தவரே நீங்கள்தானே. அதற்கு முன்னால் உள்ளவைதான் பயன்படும். டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 என்ற எண் இருந்தால் வன்பொருளே தன் பிழையைத் தெரிவித்திருக்கிறது. 129 அல்லது 153 இருந்தால் சேமிப்பகம் பதில் சொல்லத் தாமதித்திருக்கிறது. 4101 கிராபிக்ஸ் டிரைவரைக் குறிப்பது. எதுவுமே இல்லாமல் வெறிச்சென்று இருந்தாலும் அதுவும் ஒரு செய்திதான்: எழுதி வைக்கக்கூட அவகாசம் இல்லாமல் நின்றிருக்கிறது.

இனி ராமுக்கு வருவோம். 3600 என்று அட்டையில் அச்சிட்டிருப்பது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை நிரலில்) எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால் மட்டும் கிடைக்கும் வேகம். அப்போது டிடிஆர்4 ராமுக்குரிய 1.2 வோல்ட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 1.35 வோல்ட் கொடுக்கப்படுகிறது. உங்கள் பிராசசர் வரிசைக்கு ஏஎம்டி நிறுவனம் உறுதியளிக்கும் உச்ச வேகம் 3200; அதுவும் இரண்டு ராம் இருந்தால். நான்கு இடத்திலும் ராம் போட்டால் ஒற்றை ரேங்க் வகைக்கு (சிப்புகள் ஒரே தொகுதியாக இயங்குபவை) 2933, இரட்டை ரேங்க் வகைக்கு (இரு தொகுதியாக இயங்குபவை) 2667 என்று அந்த உறுதி இறங்கிவிடுகிறது. தீபாவளிக்குப் பிறகு நீங்கள் நான்கை 3600-இல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஓடாது என்று சொல்வதற்கில்லை; பலரிடம் ஓடுகிறது. ஆனால் விளிம்பில் ஓடுகிறது. தனித்தனியாக வாங்கிய இரண்டு இணைகளில், பெட்டியில் ஒரே எண் இருந்தாலும் உள்ளே உள்ள சிப்புகள் வேறு வேறாக இருப்பதும் சாதாரணம்.

தீபாவளிக்குச் சேர்த்த ராம் ஏப்ரலில் ஏன் தொல்லை தர வேண்டும் என்று கேட்கலாம். ராமின் ஒவ்வோர் அறையும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மிகச் சிறிய கெபாசிட்டர். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி வினாடிக்குள் ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும். மார்கழியில் தாக்குப்பிடித்த ஓர் அமைப்பு, நம் வேலூர்ப் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டி, மூடிய அறையில் கேபினட்டுக்குள் காற்று வெந்துகொண்டிருக்கும் கோடைக் காலத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை. இதற்கும் மதர்போர்டுக்கும் உள்ள தொடர்பு பலர் நினைப்பதைவிடக் குறைவு. ராமை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி ஏஎம்டியில் 2003-லிருந்தும் இன்டெல்லில் 2008-லிருந்தும் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது.

சோதனைக்கு முன் உங்கள் வடிவமைப்புக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். பிழையான ராம் கணினியை நிறுத்துவதோடு விடுவதில்லை. சேமிக்கும் கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்தும் வைக்கும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை நிறுத்துங்கள். ராம் 2133, 2400, 2666 போன்ற ஏதோ ஒரு வேகத்துக்கு இறங்கும்; அழைப்பிதழ் வேலையில் அந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே நிலையில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி நான்கு சுற்று ஓடவிடுங்கள். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரவின் குளிர்ச்சியில் வேண்டாம். கேபினட்டின் பக்கத் தகட்டை மூடி, நண்பகலில் ஓடவிட்டால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், 'ஒன்றுதானே' என்று விட முடியாது. பிழை வந்தால் பழைய இணையைக் கழற்றிப் புதிய இணையை மட்டும், பிறகு அதற்கு நேர்மாறாக, பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமான இடங்களில் போட்டுப் பாருங்கள். கழற்றும்போது ராமின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. அதனால் சரியாகிப் போகும் கணினிகள் பெரும்பாலும் கழற்றி மாட்டியதாலேயே சரியானவை. ரப்பர் முலாமைத் தேய்ப்பதோடு துகளையும் விட்டுச் செல்லும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணி போதும்.

எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு மூன்று நாள் ஹேங் ஆகவில்லை என்றதும் தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பழுதறிபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். உங்கள் கணினி சராசரியாக மூன்று நாளைக்கு ஒரு முறை நிற்கிறது. அப்படித் தாறுமாறாக நிற்கும் ஒரு கணினி, எந்த மாற்றமும் செய்யாமலே, மூன்று நாள் நிற்காமல் ஓடுவதற்கு நூற்றுக்கு 37 வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது நாள் தற்செயலாக ஓடுவதற்கான வாய்ப்போ நூற்றுக்கு 5 மட்டுமே. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து நாளாவது கொடுங்கள். அந்தப் பத்து நாளில் வேறெதையும் தொடாதீர்கள். விண்டோஸ் போட்ட பிறகு சில நாள் நன்றாக ஓடியதைக் கண்டு கடைக்காரர் நம்பியிருந்தால், அதுவும் இந்தக் கணக்கால்தான் நேர்ந்திருக்க வேண்டும்.

பத்து நாளுக்குள் மீண்டும் நின்றால், அதுவும் சும்மா இருக்கும்போதே நின்றால், அடுத்து எஸ்.எம்.பி.எஸ். வேலையற்ற நேரத்தில் ரைசன் பிராசசர் மிகக் குறைந்த மின்சாரத்தில் உறங்கும். பழைய அல்லது மலிவான எஸ்.எம்.பி.எஸ். அவ்வளவு குறைந்த இழுவையில் 12 வோல்ட்டை நிலையாக வைக்கத் திணறும். முதல் தலைமுறை ரைசனில் இந்தத் தொல்லை பெரிதாகப் பேசப்பட்டது. பல போர்டுகளின் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற அமைப்பு இன்றும் இருக்கிறது. அதை டிபிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றிப் பாருங்கள். 500 வாட் போதாதோ என்ற கவலை வேண்டாம். உங்கள் பிராசசரின் வெப்ப அளவு 65 வாட், கிராபிக்ஸ் கார்டு 75 வாட். தரம்தான் கேள்வி, அளவு அல்ல.

லோ வோல்டேஜையும் இன்வெர்ட்டரையும் காரணம் காட்டுவது நம் பகுதியில் வழக்கம். மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தால் எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்குத் தரும் 'மின்சாரம் சரி' என்ற சைகையை விலக்கிக்கொள்ளும், கணினி ரீஸ்டார்ட் ஆகும். உறைந்து நிற்பது அரிது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் ரீஸ்டார்ட் ஆனால் இன்வெர்ட்டரை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றுங்கள், அது தனி நோய். எர்த் மட்டும் ஒரு முறை பார்க்கத் தக்கது. பாறையும் வறண்ட மண்ணுமான இடங்களில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடுகிறது. எர்த் சரியில்லாத கேபினட், எஸ்.எம்.பி.எஸ். வடிகட்டியில் உள்ள கெபாசிட்டர்களின் வழியாகச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும், தொட்டால் சுருக்கென்று இருக்கும். அது யு.எஸ்.பி. கருவிகளைக் குழப்பக்கூடும். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்து, குழியில் தண்ணீர் ஊற்றிவையுங்கள்.

பிராசசரின் சூட்டை அளந்து பார்ப்பதில் தவறில்லை. ஆயினும் சூடான பிராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மிஞ்சினால் கணினியை அணைத்துவிடும். தெர்மல் பேஸ்ட் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இதே தொல்லையோடு இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் வேறு. அவற்றில் சில, தேவைக்கு மிகுந்த வோல்டேஜால் நாளடைவில் நலிவதை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்திய மைக்ரோகோடை (பிராசசரின் உள் இயக்க நிரலை) வெளியிட்டதோடு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அவர்கள் பயாஸைப் புதுப்பிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே நலிந்த பிராசசரை அந்தப் புதுப்பிப்பு மீட்காது என்பதால் வாரண்டியில் மாற்றித்தான் தீர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, எந்த ராமைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மெம்டெஸ்ட்86 பிழை காட்டினால் மதர்போர்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் கூலரின் நான்கு திருகும் சமமாக இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் அளவுக்கு மேல் இறுகினால் ராமின் ஒரு தடம் தொடர்பிழப்பதுண்டு. மாறாக, ராமே பழுது என்று தெரிந்தால் வாரண்டிக்கு அனுப்பும்போது பிழை காட்டிய ஒன்றை மட்டும் அனுப்பாமல், இணையாக வாங்கிய இரண்டையும் பில்லோடு சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் பொருந்தாத ஒன்று திரும்பி வந்து இதே தொல்லையை மறுபடி தொடங்கும்.