நூலகத்தின் இரவல் பதிவேட்டைக் காவலர் கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் அரூர் அருகே கிளை நூலகராகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் சாதாரண உடையில் வந்த ஒருவர், தாம் உளவுப் பிரிவுக் காவலர் என்று கூறி, மூன்று இளைஞர்கள் எடுத்துச் சென்ற நூல்களின் விவரத்தைக் கேட்டார். பதிவேட்டின் இரண்டு பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். மீண்டும் வந்து முழுப் பதிவேட்டையும் கேட்டால் என்ன செய்வது?

பதில்: வாய்மொழியாகக் கேட்டால் கொடுக்க வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி, விசாரணைக்கு ஓர் ஆவணம் தேவைப்பட்டால் நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பலாம், அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் ஆணையிடலாம். எனவே வருபவரின் பெயர், பதவி, நிலையம், வழக்கின் குற்ற எண் ஆகியவற்றைப் பணிவாகக் கேட்டு, எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

படம் எடுக்கப்பட்ட அந்த இரண்டு பக்கங்களில் மூவரின் பெயர் மட்டுமா இருந்திருக்கும்? கருத்தடை பற்றிய நூலை வாங்கிச் சென்ற பெண்ணின் பெயரும், விவாகரத்துச் சட்ட நூலை எடுத்தவரின் பெயரும் அடுத்தடுத்த வரிகளில் இருந்திருக்கலாம். ஆவணம் வங்கியின் கையில் இருப்பதாலேயே வாடிக்கையாளரின் அந்தரங்க உரிமை அற்றுப்போவதில்லை என்று கனரா வங்கி வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உறுதிசெய்தனர். அந்த நியாயம் நூலகத்துக்கும் பொருந்தும் என்பதே என் உறுதியான கருத்து.

யாரிடமும் சொல்லாதே என்ற வாய்மொழிக் கட்டளை உங்களைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்காவில் இத்தகைய வாய்ப்பூட்டு சட்டத்திலேயே இருந்தது. 2005இல் கனெக்டிகட் மாநில நூலகர்கள் நால்வர் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். நம் 94ஆம் பிரிவில் அப்படி எதுவும் இல்லை. பதிவேடு உங்கள் சொந்த உடைமை அல்ல, நீங்கள் அதன் பொறுப்பாளர் மட்டுமே. ஆகவே நடந்ததை நாள், நேரம், படம் எடுக்கப்பட்ட பக்க எண்களுடன் எழுதி, இன்றே மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முறையான எழுத்து ஆணை வந்தால் மறுக்காதீர்கள், மறுப்பது குற்றமாகும். ஆணையில் குறிப்பிட்ட உறுப்பினர்களின் பதிவுகளுக்கு மட்டும் சான்றிட்ட நகல் தந்து, ஒப்புகைக் கையொப்பம் பெறுங்கள். அச்சத்தில் ஒரு தாளைக்கூடக் கிழித்துவிடாதீர்கள். அது உங்கள் மீதே வழக்காகத் திரும்பும்.